வெண்டிலேட்டரைச் சுற்றி நிற்கும் சொற்கள்

கட்டுவிரியன் கடித்து வந்தவரும், தொப்பூர் கணவாயில் லாரி மோதித் தலையில் அடிபட்டு வந்தவரும் ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவில் அடுத்தடுத்த கட்டிலில் கிடக்கலாம். தர்மபுரி மாவட்டத்தில் இதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை. இருவர் தொண்டையிலும் குழாய். இருவர் மார்பும் வெண்டிலேட்டரின் கணக்குப்படி ஏறி இறங்குகிறது. இமையைத் தூக்கி டார்ச் அடித்தால் இருவர் கண்மணியும் சுருங்கவில்லை. புருவ எலும்பை அழுத்தினாலும் முகம் சுளிக்கவில்லை. வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் போனில் ஊருக்குச் சொல்வதும் ஒன்றுதான்: "மெஷின்ல வெச்சிருக்காங்க."

ஆனால் முதலாமவர் சில நாட்களில் எழுந்து, தன் காலாலேயே நடந்து பேருந்து ஏறக்கூடியவர். இரண்டாமவருக்கு மூளைத்தண்டு அழிந்துபோயிருந்தால், நெஞ்சு ஏறி இறங்கினாலும் அவர் சட்டப்படி இறந்தவர். ஒரே கருவி ஒருவருக்கு உயிர்ப்பிச்சை போடுகிறது, இன்னொருவரிடம் இல்லாத உயிரை இருப்பதாகக் காட்டுகிறது. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் மருத்துவமும் சட்டமும் சேர்ந்து சில சொற்களை உருவாக்கி வைத்திருக்கின்றன. அந்தச் சொற்கள் நம் காதில் முதல்முறையாக விழுவது பெரும்பாலும் நாம் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில். அதற்கு முன்பே அவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

பாம்பிலிருந்தே தொடங்கலாம். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைத் தூக்கத்தில் கடிக்கும். கடிவாயில் வீக்கமோ எரிச்சலோ அதிகம் இருக்காது என்பதால், கடித்ததே பலருக்குத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் பிசையும் வலி. பிறகு இமை சரியும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் அடங்கும். அதன் நஞ்சு நரம்பு வந்து தசையைத் தொடும் நுனியைச் சிதைக்கிறது. விஷமுறிவு மருந்து இரத்தத்தில் உலவும் நஞ்சைப் பிடிக்குமே தவிர, சிதைந்த நுனியைச் சரிசெய்யாது. உடல்தான் அதை மறுபடி வளர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நாட்கணக்கில் ஆகும், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவருக்காக மூச்சை ஓட்டிக் கொடுப்பதுதான் வைத்தியம். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்மணியைச் சுருக்கும் தசை செயலற்றுப்போனதால்தான் டார்ச் வெளிச்சத்துக்கு அது அசையவில்லை. கட்டிலருகே நின்று "இனி அவ்வளவுதான்" என்று நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கவும் கூடும்.

மூளைச்சாவு என்ற முடிவுக்கு வருவதற்கு முன்னால் மருத்துவர்கள் ஏன் அத்தனை நிபந்தனைகளைச் சரிபார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. மூளைக்கு மீளமுடியாத சேதம் எதனால் வந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். தலையில் அடியா, மூளையில் இரத்தக்கசிவா என்பது ஸ்கேனில் தெரிய வேண்டும். உடல் குளிர்ந்திருக்கக் கூடாது. மயக்க மருந்து, தூக்க மாத்திரை, தசையைத் தளர்த்தும் ஊசி, பூச்சிக்கொல்லி, பாம்பு நஞ்சு இவற்றில் எதுவும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கக் கூடாது. வயலில் மருந்தடிக்கும் ஊர்களும் பாம்பு புழங்கும் தோட்டங்களும் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு மனித உயிரைக் காப்பது.

தலையில் அடிபட்டவர் விஷயத்துக்கு வருவோம். மூளையின் அடியில், முதுகுத்தண்டோடு சேரும் இடத்தில், கட்டைவிரல் பருமனுள்ள பகுதிதான் மூளைத்தண்டு. மூச்சுவிடச் சொல்லும் கட்டளை அங்கிருந்துதான் கிளம்புகிறது. விழித்திருக்கும் திறனும் அதன் வழியாகத்தான் வருகிறது. அடிபட்ட மூளை வீங்கும்போது, மண்டையோட்டுக்குள் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறி, மூளைத்தண்டு நசுங்கி, இரத்தம் இல்லாமல் சாகிறது. இதயம் மட்டும் நிற்காது. அதற்குத் துடிப்பைத் தூண்டும் திசு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்கும்வரை அது துடிக்கும். உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர் பிரியும். "மூச்சு ஓடுதுங்களே சார், நாடி அடிக்குதுங்களே, அப்புறம் எப்படிங்க போயிட்டாருன்னு சொல்றீங்க?" என்று மனைவியோ மகனோ கேட்கும் கேள்வியில் தவறே இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக மனித இனம் சாவை அப்படித்தான் அறிந்து வந்திருக்கிறது.

அந்தக் கேள்விக்குப் பதில் தரும் சோதனை ஒன்றைக் கிட்டத்தில் நின்று பார்க்கலாம். முதலில் கண்மணி, கருவிழி, இருமல், குமட்டல் ஆகிய அனிச்சைகளைப் பார்ப்பார்கள். காதுக்குள் பனிக்கட்டி நீரைச் செலுத்தி விழி அசைகிறதா என்று கவனிப்பார்கள். எதுவும் இல்லையென்றால் கடைசியாக மூச்சுச் சோதனை. நோயாளிக்கு நூறு சதவீத ஆக்சிஜனைச் சில நிமிடங்கள் கொடுத்துவிட்டு, வெண்டிலேட்டரைக் கழற்றுவார்கள். மெல்லிய குழாய் வழியாக ஆக்சிஜன் மட்டும் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருக்கும். மூச்சுவிடாததால் இரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே வரும். நம் உடம்பில் அதன் அழுத்தம் சாதாரணமாக 40 மில்லிமீட்டர் பாதரச அளவை ஒட்டி இருக்கும். அது 60ஐத் தாண்டினால், துளி உயிருள்ள மூளைத்தண்டும் ஒரு மூச்சுக்காவது துடித்தெழும். போர்வையை விலக்கி, நெஞ்சையும் வயிற்றையும் கண்கொட்டாமல் பார்த்தபடி எட்டு பத்து நிமிடம் மருத்துவர்கள் நிற்பார்கள். ஒரு விலா எலும்புகூட அசையவில்லை, இரத்தப் பரிசோதனையிலும் 60 தாண்டிவிட்டது என்றால் அந்தச் சோதனையின் முடிவு தெரிந்துவிட்டது.

அப்போதும் ஒருவர் சொன்னால் போதாது. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைப் பொறுப்பாளர், தனியாக நியமிக்கப்படும் ஒரு நிபுணர், நரம்பியல் அல்லது நரம்பு அறுவை மருத்துவர், சிகிச்சை அளிக்கும் மருத்துவர் ஆகியோர் அந்த நால்வர். உறுப்பு மாற்று அறுவை செய்யும் அணியைச் சேர்ந்த எவரும் இதில் இருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் நடுவே குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி வேண்டும். நரம்பியல் மருத்துவர் கிடைக்காத ஊர்களில் என்ன செய்வது? 2011ஆம் ஆண்டின் திருத்தம் அதற்கு வழி செய்தது. அறுவை மருத்துவர், பொது மருத்துவர், மயக்கவியல் மருத்துவர், தீவிர சிகிச்சை மருத்துவர் ஆகியோரில் ஒருவர் அந்த இடத்தில் கையெழுத்திடலாம். சென்னைக்குத் தேவைப்படாத இந்தத் திருத்தம் மாவட்டத் தலைநகரங்களுக்குப் பெரிய உதவி. சாலை விபத்து என்பதால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் இருக்கும். அவற்றோடு உறுப்பு எடுப்பதை எப்படி ஒத்துப்போகச் செய்வது என்பதற்கும் அதே சட்டத்தில் இடமுண்டு.

தமிழ்நாட்டில் மூளைச்சாவு என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்ததற்கு 2008 செப்டம்பர் ஒரு காரணம். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவனுடைய உறுப்புகளைத் தந்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட சென்னைச் சாலையில் அவன் இதயம் இன்னொரு குழந்தையைத் தேடிப் போனது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழக அரசு அறிவித்தது.

ஆனால் குடும்பம் தானத்துக்கு ஒப்பவில்லை என்றால்? சட்டத்தில் ஒரு பள்ளம் இங்கேதான் இருக்கிறது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. உயிரின் அடையாளம் எல்லாம் நிரந்தரமாக மறைந்துபோவதே இறப்பு என்கிறது அது. மூளைத்தண்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1994ஆம் ஆண்டின் சட்டமோ மூளைத்தண்டுச் சாவையும் இதயம் நின்ற சாவையும் சமமாக ஏற்கிறது. ஆனால் அது உறுப்பு மாற்றுக்காகவே எழுதப்பட்ட சட்டம். தானம் இல்லாத இடத்தில் கருவியை நிறுத்தலாமா என்று அது வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதனால் மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நான்கு பேர் கையெழுத்திட்டு இறந்தவர் என்று எழுதிய உடலுக்கு வெண்டிலேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே, அந்தக் கட்டில் காலியாகாதா என்று கட்டுவிரியன் கடித்த இன்னொருவர் காத்திருக்கலாம். கேரளம் 2020 ஜனவரியில் தானத்தோடு முடிச்சுப் போடாமல் மூளைச்சாவை அறிவிக்கும் நெறிமுறையை வெளியிட்டது. இந்தப் பள்ளம் நாடு முழுவதும் மூடப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இறப்புக்கு நாட்டில் ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்.

இத்தனை சிக்கலும் எழுபது ஆண்டு வயதுள்ளதுதான். 1952இல் கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியபோது பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், மூச்சுத் தசை செயலிழந்தவர்களின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கச் செய்தார். ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகப் பை அமுக்கினார்கள். இன்றைய ஐ.சி.யு. அங்கே பிறந்தது. சில ஆண்டுகளிலேயே, மூச்சு திரும்பாத, அனிச்சை எதுவும் இல்லாத, ஆனால் இதயம் துடிக்கும் உடல்கள் கட்டில்களில் சேர ஆரம்பித்தன. பாரிஸில் மொல்லாரே, கூலோன் என்ற இரு மருத்துவர்கள் 1959இல் அதைக் கோமாவுக்கும் அப்பாற்பட்ட நிலை என்று விவரித்தார்கள். 1968இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழுவும் 1976இல் பிரிட்டன் மருத்துவர்களும் அளவுகோல்களை வகுத்தார்கள். மூளைத்தண்டை மையமாகக் கொண்ட பிரிட்டன் வழியைத்தான் இந்தியச் சட்டம் ஏற்றது.

மூளைச்சாவையும் கோமாவையும் குழப்பிக்கொள்வது செய்தித்தாள்களில்கூட நடக்கிறது. கோமாவில் இருப்பவர் உயிரோடு இருப்பவர். மூளைத்தண்டு முழுதாகவோ ஓரளவோ வேலை செய்யும், தேறவும் வாய்ப்புண்டு. கோமாவிலிருந்து சிலர் இன்னொரு நிலைக்குப் போவார்கள். கண் திறக்கும், தூங்கி விழிப்பார்கள், தானே மூச்சுவிடுவார்கள், ஆனால் சுற்றியிருப்பதை உணரும் அறிகுறி இருக்காது. நீடித்த உணர்விலா நிலை என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் கேரன் ஆன் குவின்லன் என்ற இளம்பெண் 1975இல் இந்த நிலைக்குப் போனார். பெற்றோர் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம்வரை போய் 1976இல் வெண்டிலேட்டரை எடுக்க அனுமதி பெற்றார்கள். எடுத்தார்கள். அவர் தானே மூச்சுவிட ஆரம்பித்து 1985வரை உயிரோடு இருந்தார். மூளைச்சாவு அடைந்த ஒருவருக்கு இப்படி நடக்கவே நடக்காது.

நம் நாட்டில் அந்த நிலையின் முகம் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பரில் அங்கேயே கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை சிதைந்தது. 2015 மே மாதம் இறக்கும்வரை அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை மாறி மாறி அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். அவரை இறக்க அனுமதிக்கக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2011 மார்ச் 7 அன்று நிராகரித்தது. ஆனால் அதே தீர்ப்பில், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு உயிர்தாங்கு சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியோடு விலக்கலாம் என்றும் சொன்னது.

உயிர்தாங்கு சிகிச்சை என்றால் வெண்டிலேட்டர் மட்டும் இல்லை. இரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து, டயாலிசிஸ், குழாய் வழி உணவு எல்லாம் அதில் அடங்கும். நோயைக் குணப்படுத்தாமல், ஓய்ந்துபோன உறுப்பின் வேலையைச் செய்து தருபவை இவை. குணமாக வழியிருக்கும்போது அதைக் கொடுக்காமல் விடுவது குற்றம். வழியே இல்லாதபோது அதைத் தொடங்காமல் இருப்பதும் தொடங்கியதை விலக்குவதும் சட்டத்தின் பார்வையில் கொலை இல்லை. ஊசி போட்டுச் சாகடிப்பது எந்த நிலையிலும் குற்றம்தான். நோயாளியே கெஞ்சிக் கேட்டிருந்தாலும் தண்டனை குறையலாமே தவிர குற்றம் இல்லாமல் போகாது. தென்மாவட்டங்களில் சில இடங்களில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தலும் சட்டத்தின் முன் கொலையே. செய்தி ஊடகங்கள் எல்லாவற்றையும் கருணைக்கொலை என்ற ஒரே தலைப்பில் அடைக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018இல் இந்தச் சொற்களுக்கெல்லாம் பொருள் வரையறுத்து ஒரு ஆவணம் வெளியிட்டது. சிகிச்சையை விலக்குவதைக் கருணைக்கொலையின் ஒரு வகையாகப் பேசுவதை விட்டுவிட வேண்டும் என்றது அது. நோய் கொல்வதும் மனிதர் கொல்வதும் வேறு வேறு. அந்த வேறுபாடு மங்கினால் மருத்துவர் பயப்படுவார், குடும்பம் ஆயுசுக்கும் குற்ற உணர்ச்சியில் வாடும்.

வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது, ஆனால் கண்ணியமாகச் சாவது வாழ்க்கையின் பகுதி என்று 1996இல் கியான் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த விதை 2018 மார்ச் 9இல் முளைத்தது. காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணம் செல்லும் என்றது. வாழும் உயில், லிவிங் வில் என்றெல்லாம் அழைக்கிறோமே, அதுதான். அதோடு சேர்ந்த நடைமுறை பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்ததால் 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது சிகிச்சை தரும் மருத்துவரும் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் முதல் குழு. மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒரு மருத்துவரும் இரு நிபுணர்களும் இரண்டாம் குழு. சிகிச்சையை விலக்கலாமா என்று ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். செயல்படுத்துமுன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் போக வேண்டும். ஆவணம் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தின் ஒப்புதலோடு இதே இரண்டு குழு வழி உண்டு. பக்கத்து மாநிலமான கர்நாடகம் இதை மருத்துவமனைகளில் நடைமுறைப்படுத்த 2025 ஜனவரி 30 அன்று ஆணை பிறப்பித்தது.

டி.என்.ஏ.ஆர். என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதயம் நின்றால் நெஞ்சை அமுக்கி மீட்க முயல வேண்டாம் என்ற குறிப்பு அது. அதற்கு மட்டும்தான் பொருந்தும். மற்ற மருந்து, ஆக்சிஜன், வலிநிவாரணம், கவனிப்பு எதுவும் நிற்காது.

இந்தச் சொற்களையெல்லாம் மருத்துவமனை வராந்தாவில் யாரும் சொல்லிக் கேட்க முடியாது. அங்கே கேட்பது வேறு: "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிடலாம்." மருத்துவர் சொல்லை மீறி எங்கள் பொறுப்பில் அழைத்துச் செல்கிறோம் என்ற தாளில் ஒரு கையெழுத்து அல்லது கைநாட்டு. தர்மபுரியிலிருந்து சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பி, அங்கே கையிலிருந்த பணமெல்லாம் கரைந்து, ஆம்புலன்ஸில் ஒருவர் மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே வர, சித்தேரி மலையடிவாரத்திலோ பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலோ வீட்டுத் திண்ணையில் இறக்கிப் பையை எடுத்துவிடுவார்கள். வாசலில் உயிர் பிரிய வேண்டும் என்பது நம் மக்களின் நியாயமான ஆசை. அதை நான் குறைசொல்ல மாட்டேன். குறை அந்தத் தாளில் இருக்கிறது. பொறுப்பைக் கைமாற்றுவது தவிர அது வேறெதையும் செய்வதில்லை. மூச்சுத்திணறலுக்கு மார்ஃபின் இல்லை, பதற்றத்துக்கு ஊசி இல்லை, கூட ஒரு செவிலியர் இல்லை. இரண்டு குழு வழியில் கருவியை விலக்கினால் வலியும் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்வது மருத்துவமனையின் கடமை. கையெழுத்திட்டுப் போனவருக்கு அந்தக் கடமையைச் செய்ய யாருமில்லை. சட்டம் கொடுத்த கண்ணியம் ஏழைக்குச் சேராமல் நழுவும் இடம் இது. தேறக்கூடிய பாம்புக்கடி நோயாளியையும் இதே தாளில் கையெழுத்திட்டுக் கூட்டிப்போய்விட முடியும் என்பது இன்னும் பயங்கரம்.

ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் 2024இல் வெளியிட்ட வரைவு நெறிமுறை, மீளமுடியாத, தவிர்க்கமுடியாத மரணத்தை நோக்கிய நோயை இறுதிநிலை நோய் என்கிறது. 72 மணி நேரத்துக்கு மேல் தேற்றமே காட்டாத கடுமையான தலைக்காயத்தையும் அதில் சேர்க்கிறது. அந்த 72 மணி நேரத்தை மருத்துவரிடம் உரிமையோடு கேளுங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் ஏற்கிறது. முதல் நாளிலேயே பணத்துக்குப் பயந்து யாரையும் வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. அதேபோல, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களுக்கு வீட்டிலேயே வலி தணிப்புக் கவனிப்புத் தருவதும் அடங்கும். வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்று விரும்பும் குடும்பம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஐ.சி.யு. கதவுக்கு வெளியே ஒருவர் நின்றால், மருத்துவரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும். இந்தக் கருவி எதுவரைக்கும், எதற்காக? இது மூளைச்சாவா, கோமாவா, வேறு ஏதாவதா? விஷமோ மருந்தோ காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று உறுதிசெய்துவிட்டீர்களா? நேர்மையான மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

நன்றாக இருக்கும்போதே வீட்டுப் பெரியவர்களிடம் பேசி, அவர்கள் விருப்பத்தைத் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். 18 வயது நிறைந்த, தெளிந்த மனமுள்ள யாரும் இந்த மருத்துவ விருப்ப ஆவணத்தை எழுதலாம். தன் சார்பில் முடிவெடுக்க நம்பிக்கையான ஒருவரையோ பலரையோ பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளிக்க வேண்டும். ஒரு நகல் வீட்டில், ஒன்று குடும்ப மருத்துவரிடம், ஒன்று நகராட்சி அல்லது ஊராட்சியின் பொறுப்பு அலுவலரிடம். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம்.